நிழல் வண்டியில் ஒரு பூசணிக்காய்

நிலாவில் ஓடப்போகும் வண்டியின் கூரையில் பூசணிக்காய் எதற்கு என்று கேட்கிறவர்கள், எங்கள் டிசைன் ரிவியூ கூட்டத்தில் ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் கேட்க மாட்டார்கள். கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் கட்டு என்பார்கள்.

எங்கள் நிறுவனம் உடன்குடியில் இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் கிளம்பும்போது நிலா வண்டியை மட்டும் ஏன் எங்கிருந்தோ லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று யோசித்து இதை ஆரம்பித்தவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. முதலாளி என்று கூப்பிட்டால் கோபம் வரும். சார் என்றால் திரும்பியே பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

என் பெயர் தளவாய். வண்டிக்குள் ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைவது என் வேலை. கதவு வரைய ஒருவர், இருக்கை வரைய ஒருவர், சக்கரம் வரைய ஒருவர் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வரைவோம். அடுத்தவர் வரைவதை எட்டிப் பார்ப்பதில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வண்டியாகக் கம்ப்யூட்டருக்குள் நிறுத்திப் பார்ப்பதற்கு டிஜிட்டல் மாக்கப் என்று பெயர். எங்கள் ஆபீஸில் நிழல் வண்டி என்போம். கூட்ட அறையில் முழு அளவில், வெறும் ஒளியாக நிற்கும். உள்ளே ஏறி நடக்கலாம், உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்து விழுந்தவர்கள் உண்டு.

அந்த நிழல் வண்டியைக் கட்டி மேய்ப்பவள் பேராச்சி. எது எதோடு இடிக்கிறது என்று கண்டுபிடித்து, சிவப்பு அடித்து, ரிவியூவில் எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டியது அவள் பொறுப்பு. இடிப்பதற்கு கிளாஷ் என்று பெயர். மென்பொருளுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சமும் விவஸ்தை கிடையாது. நட்டுக்குள் போல்ட் நுழைந்தால் கிளாஷ் என்று அலறும். ஓட்டுநரின் பின்புறம் இருக்கையில் பட்டால் அதுவும் கிளாஷ். ஆயிரக்கணக்கில் சிவந்து கிடப்பதில் எது நிஜமான தப்பு, எது வெறும் உட்காருதல் என்று பிரித்தெடுப்பதில் பேராச்சியின் பாதி வாழ்க்கை கழிந்தது. மீதிப் பாதி, அதைச் சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதில் கழிந்தது. சிவப்பு என் ஒயரில் பட்டால் நானும் அவளைச் சும்மா விட்டதில்லை.

அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம். எந்த ரிவியூவிலும் ஒரு குறையாவது சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். பேராச்சி வேலைக்குச் சேர்ந்து விளக்கிய முதல் வண்டியில் ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், தாடையைச் சொறிந்தார், கடைசியில் பேட்டரியை ஒரு சாண் முன்னால் நகர்த்தச் சொன்னார். பேட்டரி நகர்ந்ததால் தண்ணீர்த் தொட்டி நகர்ந்தது. தொட்டி நகர்ந்ததால் என் ஒயர் அத்தனையும் நகர்ந்தது. நாங்கள் ஒரு மாதம் தூங்கவில்லை. அடுத்த ரிவியூவில் வந்து பார்த்துவிட்டு, பழைய இடமே பரவாயில்லை போல என்றார். எனக்கு அன்று வந்த கோபத்தில் கருப்பட்டிக் காபிகூட கசந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே கல்யாண மண்டபம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. முகப்பில் மீசையும் கோரைப்பல்லும் வரைந்த பூசணிக்காய் தொங்கியது. பேராச்சி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவன் கண் கட்டடத்தின் மேல் விழாமல் காயின் மேல் விழட்டும் என்றுதானே அதைத் தொங்கவிடுகிறார்கள், அண்ணாச்சிக்கும் ஒன்று தொங்கவிட்டால் என்ன என்று என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ரிவியூவில் நிழல் வண்டியின் கூரையில், அதே மீசையோடு, ஒரு பூசணிக்காய் இருந்தது. அண்ணாச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“எம்மா, அது என்னது?”

“பூசணிக்கா, அண்ணாச்சி.”

“நிலாவுல யாரு கண்ணு படப் போவுது? எடுத்துரு.”

எடுத்துவிட்டாள். அண்ணாச்சியின் முகத்தில் நிம்மதி வந்தது. “மத்தபடி நல்லாருக்கு. வாங்க, கை கழுவுவோம்” என்று எழுந்துவிட்டார். பேட்டரி தப்பித்தது, தொட்டி தப்பித்தது, நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அதன்பின் பூசணிக்காய் இல்லாமல் எங்கள் நிழல் வண்டி எதுவும் ரிவியூவுக்கு வந்ததில்லை. ஒருமுறை மாறுதலுக்காக ஒற்றைச் செருப்பு வைத்துப் பார்த்தோம். எடுபடவில்லை.

கை கழுவுவோம் என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் முடிந்தால் சாப்பாடு. கேன்டீனுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய்களும் உண்டு. அண்ணாச்சி அங்கே நின்று முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, ஆபரேஷன் செய்யப்போகிறவர் மாதிரி நிதானமாகக் கழுவுவார். இரண்டு குழாயும் முழுதாகத் திறந்து சடசடவென்று கொட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் குழாயில் யாராவது ஒருவரை நிறுத்திக்கொள்வார். ஒருநாள் கதவுக்காரர், ஒருநாள் சக்கரக்காரர். ஐஸ் வைக்கப் போகிறார்கள் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். என்னையும் ஒருமுறை கூப்பிட்டார். என்ன பேசினார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் அண்ணாச்சி காலமானார். மழை கொட்டிய நாள். உடன்குடியே குடையோடு வந்து நின்றது. நான் அழுதேன். பேராச்சி என்னைவிட அதிகமாக அழுதாள்.

பெங்களூரில் இருந்த மகள் பொன்கனி வந்து நிறுவனத்தை ஏற்றுக்கொண்டார். கெட்டிக்காரர், ஆனால் பயந்துபோயிருந்தார். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க எப்போதும் விறைப்பாகவே பேசுவார். வந்த வாரமே ஒரு சிக்கல் முளைத்தது. எங்களுக்கு வண்டி வேலை தருவது நிலாக் குடியிருப்பு வாரியம். சுயம்புலிங்கம் நேரில் பார்த்து நல்லாருக்கு என்று சொன்னால்தான் எந்த டிசைனும் செல்லும் என்று ஒப்பந்தத்தில் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் நம்பியது நிறுவனத்தை அல்ல, அந்த மனிதரைத்தான்.

அதனால் அண்ணாச்சிக்கும் ஒரு நிழல் செய்தார்கள். ரிவியூ அறையில் ஆரம்ப நாளிலிருந்தே காமிரா உண்டு. அத்தனை வருஷக் கூட்டங்களையும் ஒரு யந்திரத்துக்குப் போட்டுக் காட்டி, இந்த மனிதர் எதைப் பார்க்கிறார், எப்படி யோசிக்கிறார், எப்போது தாடையைச் சொறிகிறார் என்று கற்றுக்கொள்ள வைத்தார்கள். வாரியமும் ஒப்புக்கொண்டது. அதே வெள்ளை வேட்டி, அதே குரல், பின்னால் கட்டிய அதே கைகள். முதல்நாள் அது அறைக்குள் ஒளியாக எழுந்து வந்தபோது நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். நேராக நிழல் வண்டியைச் சுற்றி வந்தது. அண்ணாந்து பார்த்து, எம்மா அது என்னது என்று கேட்டது. அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் அதற்கு நிழல் அண்ணாச்சி என்று பெயர் வைத்தோம்.

கூட்டம் முடிந்ததும் அது மறக்காமல் வாங்க, கை கழுவுவோம் என்று சொல்லும். கையே இல்லாத ஆளுக்கு அந்த ஆசையைப் பாரேன் என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போவோம்.

மாறியது ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் ரிவியூ முடிந்தாலும் பட்டறை வேலை தொடங்க வாரக்கணக்காகும். பொன்கனி மேடம் அதைத் துரிதப்படுத்தினார். நிழல் அண்ணாச்சி நல்லாருக்கு என்று சொன்னால் போதும், மறுநாள் காலை பட்டறை யந்திரங்கள் தாமாகவே உலோகத்தை வெட்டத் தொடங்கிவிடும்.

இந்த நிலைமையில்தான் பேருந்து வந்தது. நிலாவில் ராக்கெட் இறங்குகிற இடத்திலிருந்து விடுதி வரைக்கும் பயணிகளை ஏற்றிப்போகும் பெரிய வண்டி. நாங்கள் அதுவரை செய்தவை எல்லாம் சாமான் வண்டிகள். ஆளேறும் வண்டி இதுதான் முதல்.

ரிவியூவுக்கு முதல்நாள் பேராச்சி என்னை நிழல் வண்டிக்குள் கூப்பிட்டாள். உள்ளே கோயில்பிச்சை நின்றான். கோயில்பிச்சை என்பது நாங்கள் சோதனைக்கு வைத்திருக்கும் ஒளிப் பொம்மை. ஆள் உயரம், ஆள் பருமன், நிலாவில் போட்டுக்கொள்ளும் தடித்த உடுப்பு. அவனைப் பின்பக்க அவசரக் கதவு வழியாக வெளியே போகச் சொன்னாள். கதவு பாதி திறந்து நின்றுவிட்டது. கோயில்பிச்சை இடுப்புவரை நுழைந்து சிக்கிக்கொண்டு காலை உதறினான். நான் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதிய அண்ணே. நல்லாப் பாருங்க” என்றாள். “வெளிய காத்து கெடையாது. உள்ள இருக்குற காத்து கதவ வெளிய தள்ளிறாம இருக்க, இது உள்பக்கமாத்தான் தொறக்கும். கடைசி வரிசைல ஒருத்தர் சீட்டைச் சாய்ச்சு வெச்சா, சாய்க்கிற கைப்பிடி பின்னால தள்ளிக்கிட்டு வருது. கதவு அதுல போயி இடிக்கு. தீப்பிடிச்சா அம்புட்டுப் பேரும் இவன மாதிரிதான் நிப்பாவ.”

நான் சிரிப்பதை நிறுத்தினேன். கடைசி வரிசையில் முதலில் சாயாத இருக்கைதான் இருந்தது. நிலாவுக்குப் போகிறவர் சாய்ந்து உட்கார வேண்டாமா என்று கேட்டு மாற்றச் சொன்னது பொன்கனி மேடம். வந்ததிலிருந்து அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே யோசனையும் அதுதான்.

பேராச்சி ஒரு முடிவு எடுத்தாள். நாளைக்குப் பூசணிக்காய் கிடையாது. கூரை சுத்தமாக இருந்தால் நிழல் அண்ணாச்சியின் கண் கதவின் மேல் விழுந்துதானே ஆக வேண்டும் என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் வாரியத்திலிருந்து கோதண்டம் என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். பேராச்சி விளக்கத் தொடங்கினாள். போல்ட்டு, நட்டு, உட்காருதல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகப் பின்கதவுக்கு வந்தாள். கோயில்பிச்சை மறுபடி சிக்கினான். கோதண்டம் ரசித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பேராச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

“மேடம் கேட்டாங்கன்னு கடைசி வரிசையிலயும் சாயிற சீட்டு போட்டோம். அதனாலதான் இது” என்றாள்.

பொன்கனி மேடத்தின் முகம் சுருங்கி, பிறகு இறுகியது. வாடிக்கையாளர் முன்னால், அப்பா கட்டிய அறையில், அப்பாவின் நிழல் முன்னாலேயே அவர் தலையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

“அந்த ஒருத்தர் சீட்டை நிமித்திட்டு எழுந்திரிக்க மாட்டாரா?” என்று கேட்டார்.

“மயக்கமா கெடந்தார்னா?”

“இப்படி ஒவ்வொண்ணுக்கும் ‘ஒருவேளை’ போட்டுக்கிட்டே போனா எந்த வண்டியும் ஓடாது பேராச்சி. அப்பா பார்க்கட்டும். அவர் சொன்னா மாத்தலாம்.”

நிழல் அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தது, பின்கதவருகே சற்று நின்றது. கூரையைப் பார்த்தது. குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தது. மறுபடி கூரையைப் பார்த்தது. “வேற?” என்று கேட்டது. பேராச்சி கதவைக் காட்டினாள். அது கதவைப் பார்த்தது, பேராச்சியைப் பார்த்தது, மேடத்தைப் பார்த்தது, தாடையைச் சொறிந்தது. “வேற?” என்றது. அவ்வளவுதான். அதற்குமேல் நல்லாருக்கு என்றும் சொல்லாமல், நல்லாயில்லை என்றும் சொல்லாமல், பந்தியில் இலைக்காகக் காத்திருப்பவர் மாதிரி நின்றுகொண்டே இருந்தது. கோதண்டம் கடிகாரத்தைப் பார்த்தார். யந்திரம் பழுதா என்று கேட்டார்.

மேடம் பேராச்சியின் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “அந்தப் பூசணிக்காயைப் போட்டுத் தொலைங்க” என்றார். அந்தத் தந்திரம் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பேராச்சி போட்டாள். ஆனால் கூரையில் போடவில்லை. இடிக்கிற அந்தக் கைப்பிடியின் மேலேயே, மீசையும் கோரைப்பல்லுமாகப் பூசணிக்காயை உருட்டி வைத்தாள். எடுத்துரு என்று அண்ணாச்சி சொன்னால் கைப்பிடியும் சேர்ந்து போகட்டும் என்பது அவள் திட்டம். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது.

நிழல் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. “எம்மா, அது என்னது?”

“பூசணிக்கா, அண்ணாச்சி.”

“எடுத்துரு.”

மென்பொருளுக்கு விவஸ்தை கிடையாது என்று முன்பே சொன்னேன். அது பூசணிக்காயை மட்டும் தோல் உரிப்பது மாதிரி உரித்து எடுத்தது. அடியில் கைப்பிடி அப்படியே இருந்தது.

“மத்தபடி நல்லாருக்கு. வாங்க, கை கழுவுவோம்.”

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. காலையில் வெட்டு தொடங்கும் என்று எழுத்து ஓடியது. கோதண்டம் எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அன்று தேங்காய்ப்பால் சொதி வேறு.

நான் மட்டும் பேராச்சிக்காக நின்றேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அறை விளக்குகள் அணைந்ததும் நிழல் அண்ணாச்சி மேசையிலிருந்த டேப்லெட்டின் திரைக்குள் சின்னதாக ஒடுங்கியது. அங்கிருந்தும் விடவில்லை. “எம்மா, கை கழுவப் போவலியா?” என்று கேட்டது.

பேராச்சி எழுந்தாள். டேப்லெட்டை எடுத்தாள். அவள் நடந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த டேப்லெட் என் பெயரில் வாங்கியது என்பதால் நானும் பின்னால் ஓடினேன். அவள் கேன்டீனைச் சுற்றிக் குழாயடிக்குப் போனாள். இரண்டு குழாயையும் முழுதாகத் திறந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. “கழுவணும், கழுவணும்னியளே. இந்தா, நல்லாக் கழுவுங்க” என்று டேப்லெட்டைக் குழாய்க்கு நேராக நீட்டினாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், இதுவரை நாங்கள் கேட்காத ஒரு தணிந்த குரல் வந்தது.

“எம்மா பேராச்சி. அந்தக் கடைசி வரிசைக் கதவு திறக்காதும்மா. கைப்பிடி இடிக்கு. நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி.”

என் கை நழுவியது. நல்லவேளை, அவள் கை நழுவவில்லை.

“தெரிஞ்சா அங்கயே சொல்ல வேண்டியதுதான?” என்றாள். குரல் உடைந்திருந்தது.

“அங்க எப்படிச் சொல்ல முடியும்? அங்க பூசணிக்காயைத்தான் சொல்லணும்.” நிழல் அண்ணாச்சி இதைவிடத் தெளிவான விஷயம் உண்டா என்பது மாதிரி பேசியது. “நான் எல்லா ரெக்கார்டும் பாத்துட்டேன். ஒரு ரிவியூல தப்பு இருக்கும். அண்ணாச்சி அதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கை கழுவுவோம்னு போயிருவாரு. அடுத்த ரிவியூல அந்தத் தப்பு இருக்காது. எப்பவும் இப்படித்தான். அப்ப தப்பச் சொல்ற எடம் குழாயடிதான? வந்த நாள்லருந்து ஒங்க எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தரும் வரல.”

எனக்கு ஒரு சந்தேகம். பூசணிக்காய் எங்கள் வேலை என்று அண்ணாச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“நீங்க அவர் வாயத்தான கவனிச்சிய. நான் கண்ணக் கவனிச்சேன். எந்த ரிவியூலயும் மொதல்ல தப்பு இருக்கற எடத்தப் பாப்பாரு. நல்லாப் பாத்துட்டு, அப்புறமாத்தான் பூசணிக்காயப் பாப்பாரு.”

பேராச்சி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அது யந்திரம் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

“சரி, அழுதது போதும்” என்றது அது. “சீட்டு கனி கேட்டு வெச்சது. அவளக் கூட்டிட்டு வா. நாலு பேரு முன்னால சொன்னா அவ மொகம் சுண்டிரும். நீ இன்னைக்கு அங்க வெச்சுச் சொன்னது தப்புதான் பாத்துக்க.”

பேராச்சி தலையை ஆட்டினாள்.

மேடம் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். அண்ணாச்சி கூப்பிடுகிறார், குழாயடியில் இருக்கிறார் என்று பேராச்சி போய்ச் சொன்னாள். மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எச்சில் கையோடு எழுந்து வந்தார். நாங்கள் டேப்லெட்டை இரண்டு குழாய்க்கும் நடுவில், சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிட்டோம்.

“ஒங்களையும் கூப்பிட்டிருக்காவளா அண்ணே?” என்று பேராச்சி கேட்டாள்.

ஒரே ஒருமுறை என்றேன். ஒரு வண்டியில் சூடாகிற குழாயை ஒட்டி நான் ஒயர் இழுத்திருந்தேன். உருகியிருக்கும். சோப்பை என்னிடம் நீட்டியபடி அண்ணாச்சி அதைச் சொன்னார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்கூட செய்யாத தப்பு அது. என்னை மட்டும்தான் இப்படிக் கூப்பிட்டுத் திருத்தினார் என்று நினைத்து, வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன். கதவுக்காரரும் சக்கரக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஐஸ் வைக்கப் போகிறவர்கள் என்று எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறோம்.

“உன்னை?”

“பேட்டரிக்குப் பழைய எடமே பரவாயில்லன்ன ரிவியூ முடிஞ்சதும்” என்றாள். “நகத்தச் சொன்னது என் தப்பும்மா, சும்மா இருக்க முடியாம சொல்லிட்டேன்னு சொன்னாவ. என்கிட்ட மன்னிப்புக் கேட்ட முதலாளிய நான் வெளிய விட்டுக் குடுப்பனா?”

குழாயடியில் மேடம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அது என்ன சொன்னது, அவர் என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தக் குழாய்கள். அப்பா உயிரோடிருந்தபோது மேடம் பெங்களூரிலிருந்து வருவார், போவார். அந்தப் பக்கத்துக் குழாயில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. கை எப்போதோ சுத்தமாகியிருக்க வேண்டும். ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சொதியில் பச்சை மிளகாய் அதிகம் என்றார். சொதியில் அவ்வளவு காரம் கிடையாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நேராகக் கேன்டீனுக்குள் போனார். கோதண்டம் பாயசத்தில் இருந்தார். மேடம் குரலைத் தணிக்கவில்லை. அத்தனை பேர் காதிலும் விழும்படியே, “கடைசி வரிசைச் சீட்டு நான் கேட்டு மாத்தினது. அது தப்பு. பேராச்சி சொன்னதுதான் சரி. நாளைக்கு வெட்டு கிடையாது, சரி பண்ணிட்டு மறுபடி ரிவியூ வைக்கிறோம்” என்றார். அண்ணாச்சி எந்தக் காலத்திலும் இப்படிச் செய்தவரில்லை. கேன்டீனில் ஒரு தட்டுச் சத்தம்கூட இல்லை. கோதண்டம் மட்டும், பாயசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

பேருந்து அடுத்த மாதம் சரியாகி, வெட்டி, ஒட்டி, இப்போது நிலாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசையில் யாரும் சாய முடியாது என்று புகார்கள் வருகின்றன. மேடம் அவற்றைச் சந்தோஷமாகப் படிக்கிறார்.

இப்போதெல்லாம் சாப்பாட்டு வேளையில் குழாயடியில் கூட்டம். ரிவியூவில் பூசணிக்காய் போக மிச்சம் இருப்பதைக் கேட்க ஆளாளுக்கு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நான் ஐஸ் வைக்கப் போகிறவர்கள் என்று கேலி செய்வதை நிறுத்திவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நுழைகிறவர்களை மட்டும் திட்டுகிறேன்.

போன வாரம் எங்களுக்கு வேறு மாதிரி வேலை வந்தது. நிலாவில் எங்களுக்கே ஒரு கிளை ஆபீஸ். பேராச்சி அதன் நிழலைக் கட்டி ரிவியூவுக்குக் கொண்டுவந்தாள். கூரையில் பூசணிக்காய் இருந்தது. கேன்டீனுக்குப் பின்னால், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு குழாய்கள் இருந்தன. கோதண்டம் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நிலாவில் சொட்டுத் தண்ணீரும் தங்கம், ஒரு குழாயே அதிகம், இரண்டு எதற்கு என்றார். கை கழுவ, என்றார் மேடம். அதற்குமேல் விளக்கவில்லை.

நிழல் அண்ணாச்சி சுற்றி வந்தது. இப்போது நாங்கள் அதன் வாயைக் கவனிப்பதில்லை, கண்ணைத்தான் கவனிக்கிறோம். அது அந்த இரண்டு குழாயையும் நின்று நன்றாகப் பார்த்தது. பிறகுதான் அண்ணாந்து, எம்மா அது என்னது என்று கேட்டது. பேராச்சியின் முகம் வாடிவிட்டது. குழாயில் ஏதோ தப்பு.

கூட்டம் முடிந்ததும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன், மேடமும் வந்தார். குழாய்களைத் திறந்துவிட்டு மூன்று பேரும் குனிந்து காதைக் கொடுத்தோம்.

“ரெண்டு குழாய்க்கும் நடுவுல இன்னும் ஒரு சாண் எடம் விடும்மா” என்றது நிழல் அண்ணாச்சி. “நான் எங்க நிக்க?”